ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்!

தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், தலையில் செத்த பறவை... ஊர்ப் பொதுவாழ்க்கையைச் சிரிக்கவைத்துச் சொன்ன வாசகர் கடிதங்கள்

1913 பிப்ரவரி 4, பிற்பகல். லண்டனுக்கு வடக்கே ஹார்பெண்டன் என்ற ஊரில், தன் வீட்டுத் தோட்டத்தில் வேலையாக இருந்தார் ரிச்சர்ட் லிடெக்கர். விலங்கியலில் பெரிய பெயர் அவருக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி, சிவாலிக் மலைகளில் கிடைத்த தொல்விலங்குகளின் எலும்புகளை ஆராய்ந்தவர். ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அவர் காதில் திடீரென்று ‘குக்கூ’ என்று ஒரு குரல் விழுந்தது. கூட வேலை செய்த தோட்டக்காரரிடம், குயில்தானே என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மறுபடியும் குரல் வந்தது. இந்தமுறை இருவருமே தெளிவாகக் கேட்டார்கள்.

ஐரோப்பியக் குயில் குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு ஏப்ரலில்தான் இங்கிலாந்துக்குத் திரும்பும். பிப்ரவரி முதல் வாரத்தில் குயில் கூவினால் அது செய்தி. லிடெக்கர் உடனே லண்டன் நாளிதழ் ‘தி டைம்ஸ்’ ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அது குயில்தான், சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொன்னார். கடிதம் பிரசுரமானது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவரிடமிருந்தே இன்னொரு கடிதம். தான் முழுக்க ஏமாந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தார். கூவியது குயில் இல்லை. பக்கத்தில் நடந்த கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கையாளாக இருந்த ஒருவர். அந்த மனிதர் எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் வாயாலேயே கூவி, நிஜக் குயில்களையே தூரத்திலிருந்து வரவழைத்துவிடுவாராம்.

உலகமறிந்த விலங்கியல் அறிஞரைக் கொத்தனாரின் கையாள் ஏமாற்றிய கதை என்று இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். எனக்கு அந்த இரண்டாவது கடிதத்தின் மேல்தான் மதிப்பு. அதை எழுதாமலே விட்டிருக்கலாம் அவர். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால், ஊர் படிக்கிற பத்திரிகையில் ஒன்றைச் சொன்னால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நினைத்தார். எழுதினார், பத்திரிகையும் போட்டது. 1900-க்குப் பிறகு ‘தி டைம்ஸ்’ வெளியிட்ட சுவையான கடிதங்களை 1976-ல் கென்னத் கிரகரி தொகுத்தபோது, புத்தகத்துக்கு ‘முதல் குயில்’ என்றே பெயர் வைத்தார். அதே குயில் வரிசையில் மேலும் சில தொகுப்புகளும் வந்தன.

ஷாவின் கண்ணெதிரே

அந்தப் பத்திரிகைக்கு வந்த கடிதங்களில் பொது இடத்தில் ஒருவர் பட்ட அவஸ்தையைச் சொல்வதில் உச்சம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், 1905 ஜூலையில் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா எழுதியதைத்தான் காட்டுவேன்.

லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஆபெரா பார்க்கப் போயிருந்தார் ஷா. ஆண்கள் இன்ன உடையில்தான் வரவேண்டும் என்பது அரங்கத்தின் விதி. அதன்படியே உடுத்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். எட்டு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பம். ஒன்பது மணிக்கு ஒரு சீமாட்டி வந்து, ஷாவின் கண்ணில் நேராகப் படும்படி அமர்ந்தார். அவர் தலையில், வலது காதுக்கு மேலே, ஒரு பெரிய வெள்ளைப் பறவையின் பிணம். அலங்காரமாம். யாரோ அதன் நெஞ்சில் மிதித்துக் கொன்று, பிறகு அந்த அம்மையாரின் நெற்றியோரம் ஆணியடித்து மாட்டியதுபோல் இருந்தது என்று ஷா விவரிக்கிறார். வயிற்றைப் புரட்டியது அவருக்கு.

அடுத்து அவர் ஒரு கேள்வி கேட்கிறார். நான் கழுத்தில் செத்த பாம்பைச் சுற்றிக்கொண்டு, சட்டையில் கரும்வண்டுகளைக் குத்திக்கொண்டு, தலைமுடியில் ஒரு காட்டுக்கோழியைச் செருகிக்கொண்டு வந்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா? நான் நீல நிற டை கட்டி வந்து மற்றவர்களை அதிர்ச்சிக்குள்ளாக்கிவிடக் கூடாது என்று விதி போட்டிருக்கிறீர்களே, செத்த பறவையிடமிருந்து என்னைக் காப்பாற்ற ஒரு விதி வேண்டாமா?

வாய்விட்டுச் சிரிக்கவைக்கிற கடிதம்தான். ஆனால் அந்தக் காலத்தில் தொப்பியில் செருகும் இறகுக்காகவே பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து 1889-ல் இங்கிலாந்துப் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்று அந்த நாட்டின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பு. இறகு இறக்குமதியைத் தடை செய்யும் சட்டம் வந்தது 1921-ல். ஷாவின் கடிதத்தால்தான் சட்டம் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல ஆண்டுகளாகப் பிரசுரங்களும் கூட்டங்களும் சொல்லிக்கொண்டிருந்த அருவருப்பை, ஒரு சாயங்காலத்துக் கதையாக்கி, காலைக் காபியோடு பத்திரிகை படிக்கிறவரின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் வைத்தது அது.

பெரிய பதவியில் இருப்பவர்களும் இப்படி எழுதியிருக்கிறார்கள். 1933 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தை எட்டிக்கொண்டிருந்தது. அப்போது நிதியமைச்சர் நெவில் சேம்பர்லின் ‘தி டைம்ஸ்’ஸுக்கு ஒரு கடிதம் போட்டார். பட்ஜெட்டைப் பற்றியல்ல. செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் தண்ணீர் வடித்திருந்த குளத்தின் தரையில் ஒரு வாலாட்டிக் குருவி ஓடுவதைப் பார்த்தேன், இந்தப் பூங்காவில் இதற்கு முன் நான் இதைப் பார்த்ததில்லை, வாசகர்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதியிருந்தார். 1940 மே மாதம், போரால் உணவுப் பங்கீடு அமலில் இருந்தபோது, பிரான்சன் என்பவர் புல்வெளியில் வெட்டிப்போட்ட புல்லைத் தான் மூன்று ஆண்டுக்கு மேலாகச் சாப்பிட்டுவருவதாக எழுதினார். சர்க்கரை, உலர்திராட்சை, ஓட்ஸ், ரோஜா இதழ் சேர்த்துச் சாப்பிடலாம் என்று பக்குவமும் சொன்னார். நாடே அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்ட நேரம் அது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டன்பிரிட்ஜ் வெல்ஸ்காரர்

லண்டன் நாளிதழை விட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்கு வருவோம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள டன்பிரிட்ஜ் வெல்ஸ், 1606-ல் கண்டுபிடிக்கப்பட்ட இரும்புச்சத்து ஊற்றால் வளர்ந்த ஊர். உடம்பு தேற அங்கே போய்த் தண்ணீர் குடித்தார்கள் பிரபுக்கள். 1909-ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ என்ற பட்டத்தைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார். இத்தனை பெருமை இருந்தும், பிரிட்டனில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு கையெழுத்துதான்: ‘வெறுத்துப்போனவன், டன்பிரிட்ஜ் வெல்ஸ்’.

எதைப் பார்த்தாலும் கோபப்பட்டுப் பத்திரிகைக்கு எழுதும் நடுத்தர வர்க்கப் பெரியவருக்கு அது பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. அது எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. 1950-களில் ‘டன்பிரிட்ஜ் வெல்ஸ் அட்வர்டைசர்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் வருவது குறைந்துபோனது. கடிதப் பகுதி வெறிச்சென்று கிடப்பதைப் பொறுக்காத ஆசிரியர், தன் ஊழியர்களையே எழுதச் சொன்னார். அவர்களில் ஒருவர் இப்படிக் கையெழுத்துப் போட்டாராம். 1978-ல் பிபிசி வானொலி, நேயர் கடிதங்களுக்கான நிகழ்ச்சி ஒன்றுக்கு இந்தக் கையெழுத்தையே பெயராக வைத்தது. தங்கள் ஊர் கோபக்காரர்களின் ஊராக அறியப்படுவதில் டன்பிரிட்ஜ் வெல்ஸ்காரர்கள் சிலருக்கு வருத்தம் உண்டு. அவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். குப்பைத்தொட்டியைப் பற்றியும் நூலக நேரத்தைப் பற்றியும் கோபப்பட ஆள் இருக்கிற ஊர், நன்றாக இருக்கிற ஊர்.

கடிதப் பகுதி காலியாகக் கிடப்பதை ஓர் ஆசிரியர் அவமானமாக நினைத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். விளம்பரம் குறைந்தால் முதலாளிக்குக் கவலை. கடிதம் குறைந்தால் ஆசிரியருக்குக் கவலை. யாரும் நம்மோடு பேசவில்லை என்று அதற்குப் பொருள்.

ஆவன செய்வார்களா?

நம் ஊர்க் கடிதத்துக்குத் தனி இலக்கணமே உண்டு. ‘மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்’ என்று தொடங்கும். நடுவில் சாக்கடை, குடிநீர், ரேஷன் கடை எடை, பகல் பன்னிரண்டு மணிக்கும் எரிகிற தெருவிளக்கு. முடிவில் ‘சம்பந்தப்பட்ட அதிகாரிகள் ஆவன செய்வார்களா?’ அடியில் பெயரும் ஊரும். 1879 ஜூலையில் கால் அணா விலையில் இந்தியாவுக்கு வந்த தபால் அட்டை, இந்தக் கடிதங்களுக்கென்றே பிறந்ததோ என்று தோன்றும். எழுத இடம் குறைவு. ஆகவே சுற்றி வளைக்க முடியாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே நாகரிகமாக எழுதியாக வேண்டும். பல ஆண்டுகள் அது 50 காசுக்கே கிடைத்தது. ஒரு டீயின் விலையில் பத்துப் புகார் அனுப்ப முடிந்தது.

இதில் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது? நிறுத்தத்துக்கு ஐம்பது அடி முன்னாலோ, ஐம்பது அடி தள்ளியோ மட்டுமே பஸ் நிற்பதால், பயணிகள் தினமும் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள் என்று எழுதுகிறவர் சிரிப்பு மூட்ட நினைப்பதில்லை. நடப்பதை அப்படியே எழுதுகிறார். சாலை போட்ட மறுவாரமே குழாய்க்காக ஒரு துறை தோண்டுவதையும், மூடியதும் கேபிளுக்காக இன்னொரு துறை தோண்டுவதையும் தேதி வாரியாக எழுதினால் போதும், மேலே ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். ஆடி மாதத்து ஒலிபெருக்கி தன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டப்பட்டிருப்பதைச் சொல்லும் பரீட்சை மாணவனின் தகப்பனார், அம்மன் மேல் தனக்குள்ள பக்தியை முதல் வரியிலேயே பதிவு செய்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். சின்ன விஷயத்தை முழு மரியாதையோடு, துளி கேலியில்லாமல், கணக்காகச் சொல்கிற தொனியே நம்மைச் சிரிக்கவைக்கிறது. லிடெக்கரின் குயிலும் பிரான்சனின் புல்லும் சிரிப்பூட்டுவதும் இதனால்தான்.

கடிதத்தோடு நாம் நிற்பதில்லை. மழைக்குச் சேறாகிப்போன தெருவில் பெண்கள் இறங்கி நாற்று நடும் போராட்டம் தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தில்தான் நடக்கவில்லை? திங்கட்கிழமை குறைதீர் நாளில், தான் இதுவரை கொடுத்த மனுக்களை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கத்தினால் கேட்காதவர்கள் சிரித்தால் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை இந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள், பாரதியாரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1904 இறுதியில் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் சேர்ந்த கையோடு, இருபத்திரண்டு வயதில், சமூகச் சீர்திருத்தம் பற்றி சங்கரன் நாயர் பேசியதை ஒட்டி ‘தி இந்து’வுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார் அவர். பிறகு புதுச்சேரியில் இருந்த காலத்திலும், உளவுப் போலீஸ் தனக்குக் கொடுத்த தொல்லைகளை அதே பத்திரிகையின் வாசகர்களுக்குக் கடிதங்களாகச் சொன்னார். ‘தி இந்து’வில் வெளியான பாரதியின் எழுத்துகளை ஆ.இரா. வேங்கடாசலபதி தேடி எடுத்துத் தொகுத்திருக்கிறார். மகாகவிக்கும் ஆசிரியருக்குக் கடிதம் என்ற சிறு கட்டம் தேவைப்பட்டது.

தபால்காரர் கதவைத் தட்டினார்

சென்னையில் இந்த உறவு எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியவர் எஸ். முத்தையா. 1991-ல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கிய அவர், 1999 முதல் ‘தி இந்து’வில் திங்கள்தோறும் ‘மெட்ராஸ் மிஸெலனி’ எழுதினார். 2019 ஏப்ரலில் அவர் மறையும் காலம்வரை அந்தப் பத்திக்கு வாசகர்கள் இருந்தார்கள். பத்தியின் கடைசியில், ‘தபால்காரர் கதவைத் தட்டியபோது’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பகுதி வரும். வாசகர்கள் எழுதியவை அதில் இடம்பெறும். நீங்கள் சொன்ன கட்டடம் அந்தத் தெருவில் இல்லை, அடுத்த தெருவில் என்று ஒருவர் திருத்துவார். அந்தக் கடையில் என் தாத்தா கணக்கெழுதினார் என்று இன்னொருவர் சேர்ப்பார். தன்னைத் திருத்தியவர்களின் பெயரைச் சொல்லி நன்றியோடு அச்சிட்டார் முத்தையா. நகர வரலாற்றின் ஒரு பகுதியை வாசகர்களைக் கொண்டே எழுதவைத்தார் என்றுகூடச் சொல்லலாம். 1994-ல் தொடங்கிய ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ போன்ற பேட்டைப் பத்திரிகைகளும் இந்த அக்கறையில் பிறந்தவை. மாட வீதி நடைபாதைக்குத் தேசிய நாளிதழில் இடம் கிடைக்காது. பேட்டைப் பத்திரிகையில் அதுவே தலைப்புச் செய்தி.

சின்னப் புகார் என்று நாம் ஒதுக்குவது எப்போதும் சின்னதாகவே இருப்பதில்லை. கல்யாண வாழ்த்து பேனரும் தலைவர் வருகை பேனரும் நடைபாதையை அடைக்கின்றன, ஊர்ப் பெயர்ப் பலகையை மறைக்கின்றன என்று நம் வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தார்கள். காது குத்துக்கு நாற்பதடி பேனரா என்று படித்துச் சிரித்தோம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஓர் இளம்பெண் மீது பேனர் சரிந்து விழுந்தது. பின்னால் வந்த லாரி ஏறி அவர் இறந்துபோனார். அந்தப் பழைய கடிதங்களை இப்போது எடுத்துப் படித்தால் சிரிப்பு வராது. எழுதியவர்கள் ஆபத்தை முன்பே பார்த்திருந்தார்கள். படித்த நாம்தான் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

செல்போனில் முடிகிறதா?

இன்று புகார் சொல்ல வழிகள் நிறைய. சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் பேசலாம். செல்போன் செயலியில் குப்பையைப் படம்பிடித்து அனுப்பலாம். எரியாத விளக்கை எரியவைக்க இதைவிட வேகமான வழி கிடையாது, அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ஆனால் அந்தப் புகார் உங்களுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஓர் எண்ணாக நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. அடுத்த தெருவில் இதே சாக்கடையால் அவதிப்படுகிறவருக்கும் தெரியாது. ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்து, சாக்கடை அப்படியே இருந்தால், அதைப் பார்க்க உங்களைத் தவிர சாட்சி இல்லை.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சாட்சிக்குக் குறைவில்லை. அங்கே வேறு சிக்கல். கோபம் வந்த நிமிடமே எழுதிவிடுகிறோம். பத்தாவது பதிலில் சாக்கடை மறந்துபோய், யார் எந்தக் கட்சி என்ற சண்டை வந்துவிடுகிறது. பத்திரிகைக் கடிதத்தில் எழுதியவரின் பெயரும் ஊரும் இருக்கும். துணையாசிரியர் ஒருவர் வசவை வெட்டி, விஷயத்தை நிறுத்தியிருப்பார். ஊரே படிக்கும், அதிகாரியும் ஊரோடு சேர்ந்து படிப்பார், மறுப்பு இருந்தால் அடுத்த வாரம் அவரும் அதே இடத்தில் எழுதலாம். ஷாவும் கோவென்ட் கார்டன் நிர்வாகமும் அந்தச் சீமாட்டியும் ஒரே பத்திரிகையைத்தான் படித்திருப்பார்கள்.

இப்போது பல பத்திரிகைகளில் வாசகர் கடிதம் கால் பக்கமாகி, பிறகு இரண்டு பத்தியாகி, கடைசியில் போன இதழைப் பாராட்டும் நான்கு வரிகளில் நின்றுவிட்டது. பாராட்டு எங்களுக்கும் இனிக்கும்தான். ஆனால் ஆசிரியர்கள் அந்த இடத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லண்டன் ‘டெலிகிராஃப்’ பத்திரிகை, இடமில்லாமல் விட்ட வாசகர் கடிதங்களையே 2009 முதல் ஆண்டுதோறும் புத்தகமாக்கி விற்றுக்கொண்டிருந்தது. அதற்கு அங்கே கூட்டம் கூட்டமாக வாசகர்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஊர், எத்தனை பஸ் ஸ்டாண்டு, எத்தனை தேர்த் திருவிழா! இங்கே வரும் கடிதங்களில் பாதியைச் சேர்த்து வைத்திருந்தால்கூட, நம் நகரங்கள் எப்படி வளர்ந்தன, எங்கே கெட்டன என்பதற்கு அதைவிட நேர்மையான ஆவணம் இருந்திருக்காது. பழைய இதழ்களைப் பாதுகாக்கும் நூலகங்கள் கடிதப் பக்கங்களையும் தனியே அட்டவணைப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைய ஆய்வாளர் கவனிக்காத பக்கத்தைத்தான் நாளைய ஆய்வாளர் முதலில் கேட்பார்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தினமும் கண்ணில் குத்துகிற ஒன்று இருக்கும். அதை எழுதி அனுப்புங்கள். தெருவின் பெயர், பஸ் எண், தேதி, நேரம் எல்லாம் இருக்கட்டும். யாரையும் திட்ட வேண்டாம். எட்டு வரிக்கு மேல் போக வேண்டாம். சரியாகிவிட்டால் அதையும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். நீங்கள் சொன்னது தவறென்று தெரிந்தால், லிடெக்கர் செய்ததுபோல் அதையும் எழுதுங்கள். பெயரும் ஊரும் மறக்காமல் இருக்கட்டும்.